ஓய்வெடுக்கும் தொழிலாளியை வரைய: நேரில் உட்காரவா, போட்டோ எடுக்கவா?

மெரினா உழைப்பாளர் சிலையில் நான்கு பேர் பாறையை நகர்த்துகிறார்கள். தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் சிலை, 1959-இல் திறந்தது. உழைப்புக்கு அது போதும். ஓய்வைத் தத்ரூபமாக வரைய கோயம்பேடு மார்க்கெட்டுக்குப் போகலாம். சரக்கு இறங்கியதும் மூட்டை மேலேயே படுத்துவிடுகிறார்கள்.

போட்டோ எடுத்து வந்து வரைவது வசதி. வெயில் இல்லை, ஈ இல்லை, நிழல் நகராது. ஆனால் செல்போனைக் கால்மாட்டில் கிட்டத்தில் வைத்து எடுத்தால் பாதம் பூதாகாரமாகவும் தலை எலுமிச்சம்பழம் போலவும் வரும். நிழலில் கிடக்கும் கறுத்த உடம்பைக் கேமரா ஒரே கறுப்பாக அடைத்துவிடும். நேரில் பார்த்தால் அதே தோளில் தார்ப்பாயின் நீலம் தெரியும், விலாவில் சாக்கின் பழுப்பு ஏறியிருக்கும். எனக்கு இந்த ஒரு காரணமே போதும், நேரில்தான்.

சிக்கலும் உண்டு. லாரி ஹாரன் கேட்டால் ஆள் எழுந்து போய்விடுவார். அதனால் முதலில் முதுகு வளைவு, கை விழுந்திருக்கும் விதம், முகம் அப்புறம். "அண்ணே, வரையலாமா?" என்று அவர் படுக்கும் முன்னாலேயே கேட்டுவிடுங்கள். தூங்குகிறவரைச் சொல்லாமல் போட்டோ எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதற்காக நகல் பார்த்து வரைவதை மட்டம் தட்டவும் முடியாது. பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் மதிய ஓய்வுக் காட்சியை ஓவியர் வான்கோ 1889-90 குளிர்காலத்தில் கறுப்பு வெள்ளை அச்சைப் பார்த்துத்தான் தீட்டினார். மஞ்சளும் நீலமும் அவர் சேர்த்தவை. பெரிய ஆயில் ஓவியம் என்றால் நேரில் நிறத்தைக் குறித்துக்கொண்டு, போட்டோவை உடைமடிப்பு, கயிறு, கூடை போன்ற விவரங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.