இரும்புக் குளிசை: மூண்டு மாசம் போட்ட அனுபவம்

ரெண்டு வருசமா எனக்கு நாரி நோ, பொழுதுபட்டால் கால் உளைவு. வட்டக்கச்சியில கச்சான் பிடுங்கிக் குனிஞ்சு நிமிர்ந்த உடம்புதானே எண்டு எண்ணெய் பூசினன், பனடோல் விழுங்கினன். இரவில படுத்தால் காலுக்குள்ள எறும்பு ஊருற மாதிரி, ஆட்டிக்கொண்டே கிடக்கவேணும். ஒரு இடத்தில ரத்தம் சோதிச்சு, "ஹீமோகுளோபின் 12.3, ரத்தம் காணும், வேலையைக் குறையுங்கோ" எண்டு அனுப்பிப்போட்டினம். நான் குறைச்சால் கச்சானை ஆர் பிடுங்குறது?

பிறகு காட்டின டொக்டரம்மாதான் மாதவிடாய் எத்தினை நாள் எண்டு கேட்டா. எட்டு நாள் எண்டன். உடன பெரிட்டின், அதாவது உடம்பில சேமிச்சு வைச்சிருக்கிற இரும்பைக் காட்டுற அளவு, சோதிக்கச் சொன்னா. 9 எண்டு வந்துது. 15க்குக் கீழ எண்டால் உடம்பில சேமிப்பு இரும்பு இல்லையாம். பானையில அரிசி கிடக்கு, கொம்பறை வெறுமை. என்ர நிலைமை அதுதான். நோவோட சம்பந்தப்பட்ட டோபமின், செரட்டோனின் எண்ட மூளை ரசாயனங்கள் எல்லாம் செய்ய உடம்புக்கு இரும்பு வேணும், கால் ஆட்டுறதுக்கும் இரும்புக் குறைவு ஒரு காரணம் எண்டு விளங்கப்படுத்தினா. "ஆனா எல்லா நோவுக்கும் இதுதான் காரணம் எண்டு நினைச்சிடாதேங்கோ" எண்டும் சொன்னா.

இனிக் குளிசைக்கு வாறன். பெரஸ் சல்பேற் 200 மில்லிகிராம், அதுக்குள்ள இரும்பு 65தான். முதல் கிழமை வயித்தைப் பிரட்டிச்சு, மலச்சிக்கல் வேற. மலம் கரிமாதிரிப் போனதைப் பாத்து நான் பயந்த பயம்! அது வழமையாம். தாங்கேலாமல் திரும்பப் போய்ச் சொல்ல, ஒருநாள் விட்டு ஒருநாள் போடச் சொன்னா. அப்பிடிப் போட்டால் ஒவ்வொரு குளிசையும் கூடச் சுவறுமாம். வெறுவயித்தில தேசிக்காய்த் தண்ணியோட போடுறன். தேத்தண்ணி கிட்டவும் வரக்கூடாது, இரும்பை உடம்பில சேரவிடாது.

ஒண்டரை மாசத்தில கால் ஊருறது நிண்டு நித்திரை வந்துது. மூண்டாம் மாசம் பெரிட்டின் 34. நாரி நோ பாதிதான் குறைஞ்சிருக்கு, குனிஞ்சால் இப்பவும் பிடிக்கும். அதால இந்தக் குளிசைக்கு 5 புள்ளிக்கு 3½தான் குடுப்பன். சோதிக்காமல் மட்டும் வாங்கிப் போடாதேங்கோ, தலசீமியா எண்ட பரம்பரை ரத்த நோய் உள்ளவைக்கு இரும்பு ஏற்கெனவே கூடவா இருக்கலாம்.

விடிய எழும்பினதும் பிளேன்ரீ குடியாத பிள்ளையோட என்னெண்டு கதைக்கிறது எண்டு அம்மாவுக்குத்தான் இன்னும் கோபம்.