தெற்கு ஐஸ்லாந்து ஒரு நாள் வேன் சுற்றுலா: செம்மறித் தாடையோடு ஒரு வழிகாட்டி

ரெய்க்யாவிக்கில் இருக்கும் மகள் பதிவு செய்து கொடுத்த சுற்றுலா. காலை 8 மணிக்குக் கிளம்பி கிர்க்யுபையார்க்லாஸ்துர் என்ற ஊர் வரை போய், இரவு 9 மணிக்குத் திரும்பினோம். வேனில் எட்டுப் பேர். அருவியும் கருமணல் கடற்கரையும் எந்தச் சுற்றுலாவில் போனாலும் காட்டுவார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

நான் தருமபுரிப் பக்கம் 31 வருடம் கால்நடை மருத்துவராக இருந்தவள். ஆழ்குழாய்த் தண்ணீரில் ஃபுளூரைடு கூடி, பல்லில் பழுப்புக் கறை விழுந்த பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்தவள். எய்யாஃபியாட்லாயோகுட்ல் எரிமலை அடிவாரத்தில் வழிகாட்டி வேனை நிறுத்தி, துணிப்பையிலிருந்து ஒரு செம்மறியின் கீழ்த்தாடையை எடுத்து என் கையில் கொடுத்தபோது பேச்சே வரவில்லை.

1970 மே மாதம் ஹெக்லா என்ற இன்னொரு எரிமலை வெடித்தது. அப்போது பிழைத்த ஒரு குட்டியின் தாடையாம், அவர் தாத்தா பத்திரமாக வைத்திருந்தது. கடைவாய்ப் பற்களில் ஒன்று தேய்ந்து குழியாகியிருந்தது, பக்கத்தில் ஒன்று முள் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. அங்கே இதற்கு 'கத்துர்' என்று பெயர். பல் முளைக்கும் வயதில் ஃபுளூரைடு சேர்ந்தால் எனாமல் உறுதியில்லாமல் போய், பற்கள் ஏறுக்குமாறாகத் தேயும். அந்த முள் கன்னத்தைக் கிழிக்கும். முன்னால் புல் இருந்தும் ஆடு மெல்ல முடியாமல் இளைத்துப்போகும். அந்த வெடிப்பில் ஏறக்குறைய 7,500 ஆடுகள் செத்தன, பெரும்பாலும் குட்டிகள்.

எரிமலைச் சாம்பல் நம் அடுப்புச் சாம்பல் மாதிரி இல்லை, பொடிப்பொடியான கண்ணாடியும் பாறைத் துகளும். எரிமலைக் குழம்பிலிருந்து வரும் ஹைட்ரஜன் ஃபுளூரைடு வாயு அந்தத் துகள்கள் மேல் உப்பாகப் படிகிறது. துகள் பொடியாகப் பொடியாக மேற்பரப்பு கூடுவதால், தூரத்தில் போய் விழும் நைசான சாம்பலில் எடைக்கு எடை விஷம் அதிகம். ஒரு மில்லிமீட்டர் படிந்தாலே ஆபத்து. மேயும்போது புல்லோடு உள்ளே போய், இரத்தத்தில் இருக்கும் கால்சியத்தைக் கட்டிவிடும். கன்று ஈன்ற பசு பால் காய்ச்சலில் தள்ளாடி விழுமே, ஏறக்குறைய அப்படித்தான் ஆடும் விழும். 2010 ஏப்ரலில் நாங்கள் நின்ற எய்யாஃபியாட்லாயோகுட்ல் வெடித்தபோது கால்நடைகளைக் கொட்டகைக்குள் வைத்து, முன்பே சேமித்த உலர்புல்லைப் போட்டு, தேங்கிய தண்ணீரைக் காட்டாமல் பார்த்துக்கொண்டார்களாம். இதையெல்லாம் அவர் நிதானமாகச் சொன்னார், கேள்வி கேட்டாலும் சலித்துக்கொள்ளவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு பாசி மூடிய எல்ட்ராவுன் குழம்பு வெளி. 1783 ஜூன் 8-ல் தொடங்கி எட்டு மாதம் லாக்கி எரிமலைப் பிளவு இதைக் கக்கியது. நாட்டின் ஆடுகளில் சுமார் 80 சதவீதம், மாடு குதிரைகளில் பாதி போயின. தொடர்ந்த பஞ்சத்தில் ஐந்தில் ஒரு பங்கு மக்கள் இறந்தார்கள். கால்நடைகள் பட்ட பாட்டைக் கண்ணால் கண்டு எழுதிவைத்தவர் பாதிரியார் யோன் ஸ்டெய்ன்கிரிம்சன். அவர் நினைவாகக் கட்டிய சிற்றாலயத்தில் எங்களை நிற்கவிட்டது பதினைந்தே நிமிடம். நினைவுப்பொருள் கடையில் மட்டும் நாற்பது நிமிடம்! இது எனக்குப் பெரிய குறை.

இன்னொரு குறை, கையில் கொடுக்கும் துண்டுப் பிரசுரம். ஆடுகளைக் கொன்றது கந்தகப் புகை என்று அதில் போட்டிருக்கிறது. கந்தகம் புல்லைக் கருக்கியது, மனிதர்களின் மூச்சை அடைத்தது, சரி. ஆனால் ஆடுகளின் எலும்பையும் பல்லையும் தின்றது ஃபுளூரைடு. வழிகாட்டியிடம் சொன்னேன், அவரும் ஒப்புக்கொண்டார். நிறுவனம் அதைத் திருத்தி அச்சிட வேண்டும்.

கட்டணம் தலைக்கு 24,000 குரோனா, சாப்பாடு தனி. விலை அதிகம்தான், இருந்தாலும் கால்நடை வளர்ப்பவர்கள், கால்நடை மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் தாராளமாகப் போகலாம். காற்று ஆளைத் தள்ளுகிறது, நல்ல ஜெர்கின் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், அந்தத் தாடையை அவர் எல்லாக் குழுவுக்கும் வெளியே எடுப்பதில்லையாம். கேட்டு வாங்கிப் பாருங்கள்.