ஹவானாவின் லத்தீனோ மைதானம்: எங்கே உட்காரலாம், எங்கே தங்கலாம்

லத்தீனோவில் ஆட்டம் பார்க்க நினைப்பவர் முதலில் உறுதிசெய்ய வேண்டியது, அன்றைக்கு ஆட்டம் உண்டா என்பதைத்தான். கியூபாவின் தேசிய பேஸ்பால் தொடர் மின்சாரம், டீசல், மழை மூன்றையும் பார்த்துத்தான் நடக்கிறது. வெளியூர் அணியின் பேருந்துக்கு எரிபொருள் கிடைக்காவிட்டால் ஆட்டம் தள்ளிப்போகும். விளக்குக் கோபுரங்களுக்கு மின்சாரம் போதாவிட்டால் இரவு ஆட்டம் பிற்பகலுக்கு வந்துவிடும். அதனால் இணையத்தில் இருக்கும் அட்டவணையை மட்டும் நம்ப வேண்டாம். காலையில் பார்க்கே சென்ட்ரல் பூங்காவுக்குப் போய்க் கேளுங்கள். கியூப விடுதலை வீரர் ஹோசே மார்த்தியின் சிலை இருக்கும் அந்தப் பூங்காவில், மரநிழலில், ஆண்கள் கூட்டமாக நின்று கையை வீசிக் கத்திக்கொண்டிருப்பார்கள். பார்த்தால் அடிதடி போலத் தெரியும். அத்தனையும் பேஸ்பால் விவாதம். அந்த இடத்துக்கு எஸ்கினா காலியெந்தே, அதாவது 'சூடான முனை' என்று பெயர். "ஓய் ஹுவேகா இண்டஸ்ட்ரியாலெஸ்?", அதாவது ஹவானாவின் அணியான இண்டஸ்ட்ரியாலெஸ் இன்று ஆடுகிறதா என்று கேட்டால் போதும். இன்றைக்கு ஆட்டம் உண்டா, எத்தனை மணிக்கு, யார் பந்து வீசப்போகிறார் என்பதுவரை சொல்லிவிடுவார்கள்.

மைதானத்தின் முழுப்பெயர் எஸ்தாடியோ லத்தீனோஅமெரிக்கானோ. செர்ரோ என்ற பழைய பகுதியில் இருக்கிறது. 1946 அக்டோபர் 26 அன்று 'கிரான் ஸ்டேடியம்' என்ற பெயரில் திறந்தார்கள். புரட்சிக்குப் பிறகு பெயர் மாறியது. 1971இல் வெளிக்களப் பக்கம் புதிய படிக்கட்டு வரிசைகள் கட்டியதும் கொள்ளளவு 55,000 ஆயிற்று. 1999 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணி இங்கே வந்து, வழக்கமான ஒன்பது இன்னிங்ஸைத் தாண்டி 11 இன்னிங்ஸ் ஆடி, கியூபாவை 3-2 என்று வென்றது. 2016 மார்ச் 22 அன்று ஒபாமாவும் அன்றைய கியூப அதிபர் ராவுல் காஸ்ட்ரோவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, அமெரிக்காவின் டாம்பா பே ரேஸ் அணி கியூபாவோடு ஆடிய ஆட்டத்தைப் பார்த்ததும் இங்கேதான். அந்த ஒரு நாளுக்காக மைதானத்தைச் சீரமைத்து வர்ணம் பூசினார்கள். அதற்குப் பிந்தைய பராமரிப்பு அந்த அளவுக்கு இல்லை என்பதைப் படியேறும்போதே பார்க்கலாம்.

பூங்காவிலிருந்து மைதானம் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். தனி டாக்சி தேவையில்லை. ஒரே தடத்தில் ஓடும் பழைய அமெரிக்க ஷேர் கார்களை அல்மெந்த்ரோன் என்பார்கள். பழைய நாடாளுமன்றமான கபித்தோலியோ கட்டடத்தின் அருகிலிருந்து, மோன்தே சாலை வழியாகப் போகும் வண்டியில் ஏறி, எஸ்கினா தே தேஹாஸ் என்ற சந்திப்பில் இறங்குங்கள். அங்கிருந்து நடந்துவிடலாம். ஓட்டுநரிடம் பெரிய நோட்டு நீட்டினால் சில்லறை வராது. சிறிய பெசோ நோட்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க வங்கி அட்டைகள் நாட்டில் எங்கேயும் செல்லாது.

நுழைவுச்சீட்டு உள்ளூர்க்காரர்களுக்குச் சில்லறைக் காசு. வெளிநாட்டவருக்குத் தனி விலை வைப்பது நெடுநாள் வழக்கம், ஆனாலும் பெரிய தொகை இல்லை. வெளிநாட்டவரை ஹோம் பிளேட்டுக்கு, அதாவது மட்டை பிடிப்பவர் நிற்கும் இடத்துக்குப் பின்னால் இருக்கும் பகுதிக்கு அனுப்பப் பார்ப்பார்கள். மறுக்க வேண்டாம், அதுதான் நல்ல இடம். ஆனால் முன்வரிசை வேண்டாம்: வலை கண்ணை மறைக்கும், பந்து எழும்பும் உயரமும் பிடிபடாது. கூரைக்குக் கீழே, நடுவரிசைக்குச் சற்று மேலே உட்கார்ந்தால் பந்து வீசும் பிட்ச்சரின் கையிலிருந்து பந்து வளைவதும் தெரியும், வெளிக்களத்தில் ஆட்கள் இடம் மாறி நிற்பதும் தெரியும். ஹோம் பிளேட்டிலிருந்து வெளிச்சுவர்வரை கோட்டோரம் 325 அடி, நடுவில் 400 அடி. பந்து எவ்வளவு தூரம் போகவேண்டும் என்பது அங்கிருந்துதான் புரியும். வெளிக்களப் படிக்கட்டுகளுக்குக் கூரை கிடையாது. பிற்பகல் ஆட்டத்தில் அந்தக் கான்கிரீட் தோசைக்கல்லாகக் காயும். மடித்து உட்காரத் துண்டு, தொப்பி, இரண்டு லிட்டர் தண்ணீர் கொண்டுபோங்கள். உள்ளே தண்ணீர் கிடைக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள். கழிப்பறைக்கும் அப்படியே: தாள் உங்கள் பையில் இருக்கட்டும்.

தின்பண்டம் என்று பார்த்தால் மனி. ஒல்லியான காகிதக் கூம்பில் சுருட்டிய வறுத்த வேர்க்கடலை. நம் கடலைப் பொட்டலத்தின் தூரத்துச் சொந்தம் போலவே இருக்கும், சுவையும் குறையில்லை. பன்றி இறைச்சி வைத்த ரொட்டியும் சில நாள் வரும். சைவம் உண்பவர்கள் சாப்பிட்டுவிட்டே போவது நல்லது.

ஒரு வழக்கத்தைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். ஆட்டக் கோட்டுக்கு வெளியே போகும் ஃபௌல் பந்து உங்கள் மடியில் வந்து விழுந்தாலும் அது உங்களுடையது இல்லை. அமெரிக்காவில் அதை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். இங்கே மைதானத்துக்குள் திருப்பி எறிந்துவிட வேண்டும், ஏனென்றால் பந்துக்கே தட்டுப்பாடு. அந்தப் பந்து அடுத்த இன்னிங்ஸிலேயே மீண்டும் ஆட்டத்தில் இருக்கலாம்.

இனி ஆட்டத்தின் தரம். இங்கே ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஹவானாவின் அணி இண்டஸ்ட்ரியாலெஸ், நீலச் சிங்கங்கள். பன்னிரண்டு பட்டங்களோடு தேசியத் தொடரில் மிக அதிக வெற்றி பெற்ற அணி. 1963 முதல் 1966 வரை தொடர்ந்து நான்கு முறை பட்டம் வென்றது. 1986இல் அகுஸ்தீன் மார்க்கேத்தி கூடுதல் இன்னிங்ஸில் அடித்த ஹோம் ரன், அதாவது சுவரைத் தாண்டிய அடி, ஆட்டத்தையும் பட்டத்தையும் ஒரே அடியில் கொடுத்தது. சூடான முனையில் அதைப் பற்றிக் கேட்டால் இன்றைக்கும் பந்து போன பாதையைக் கையால் வரைந்து காட்டுவார்கள். கடைசிப் பட்டம் 2010இல். அதன் பிறகு 2024 வரை நடந்த பதினான்கு தொடர்களில் ஒன்றுகூட இல்லை.

காரணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஆட்கள் போய்விட்டார்கள். 'எல் துக்கே' ஓர்லாந்தோ ஹெர்னாந்தெஸ் இந்த அணியின் பிட்ச்சராக இருந்தவர். 1997 டிசம்பரில் நாட்டைவிட்டு வெளியேறி, அடுத்த ஆண்டே நியூயார்க் யாங்கீஸோடு உலகத் தொடரை, அதாவது அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் பட்டத்தை வென்றார். யூலி குரியேல் இங்கே நீலச் சட்டை போட்டு ஆடிக்கொண்டிருந்தவர். 2016இல் டொமினிக்கன் குடியரசின் சாண்டோ டொமிங்கோவில் கரீபியன் தொடர் முடிந்ததும் தம்பியோடு அங்கேயே தங்கிவிட்டார், 2017இல் ஹியூஸ்டன் ஆஸ்ட்ரோஸோடு பட்டம் வென்றார். அன்று போனவர்கள் உச்சியில் இருந்த ஆட்டக்காரர்கள். இன்று இளைஞர்கள் முளையிலேயே போய்விடுகிறார்கள். 2021இல் மெக்சிகோவில் நடந்த 23 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்குப் போன 24 பேரில் 12 பேர் திரும்பவில்லை. அமெரிக்க பேஸ்பால் நிர்வாகமும் கியூபச் சம்மேளனமும் 2018 டிசம்பரில் சட்டபூர்வமாக ஆள் அனுப்ப ஓர் ஒப்பந்தம் போட்டன. 2019 ஏப்ரலில் டிரம்ப் நிர்வாகம் அதை முறித்தது. முறைப்படி போகும் கதவு மூடியதும் வேலி தாண்டும் வழி மட்டும் மிஞ்சியது.

இதன் விளைவு முதலில் தெரிவது பிட்ச்சிங்கில். நல்ல பேட்டரை உருவாக்க ஐந்தாறு வருடம் பிடிக்கும் என்றால், நல்ல பிட்ச்சரை உருவாக்குவது அதைவிடக் கடினம், அவனுக்குத்தான் வெளியே முதல் கிராக்கி. எனவே நீங்கள் பார்க்கப்போகும் ஆட்டத்தில் வாக், அதாவது பிட்ச்சர் குறி தவறியதால் பேட்டர் அடிக்காமலே முதல் தளத்துக்குப் போவது, அதிகம் இருக்கும். நான்காவது, ஐந்தாவது இன்னிங்ஸில் தொடக்க பிட்ச்சர் களைத்ததும், அடுத்து வருபவர் குறி தவறுவார், தளங்கள் நிறையும், ஒரே இன்னிங்ஸில் ஆறு ஏழு ரன் போகும். ஏழு இன்னிங்ஸ் முடிந்தபின் பத்து ரன் வித்தியாசம் இருந்தால் 'நோக்அவுட்' என்று ஆட்டத்தை முடித்துவிடுவார்கள். எனவே ஐந்தாவது இன்னிங்ஸுக்குப் போய்ச் சேரலாம் என்று கணக்குப் போடாதீர்கள். தடுப்பாட்டம் மட்டும் இன்றும் கண்ணுக்கு விருந்து. இரண்டாம் தளத்தில் இரட்டை அவுட் எடுக்கும்போது, இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு இடையில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பின் காலைப் பாருங்கள். சிறுவயதில் கரடுமுரடான தரையில் பழகிய கால் அது. ரசிகர்களின் அறிவுக்கும் குறைவில்லை. ஒரு பிட்ச்சரை ஒரு பேட்டர் அளவு தாமதமாக மாற்றினாலும் மேளத்தோடு சேர்த்துப் பயிற்சியாளரை வாட்டிவிடுவார்கள். இருக்கைகள் பெரும்பாலும் காலி. வந்திருப்பவர்கள் முழு மனதோடு இருக்கிறார்கள்.

தங்குமிடம் பற்றிச் சொல்லும்போது கட்டுமானத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது, ஏனென்றால் இந்த நகரத்தில் சிமென்ட்டும் கம்பியும் போன இடம் ஓட்டல்தான். அதே பூங்காவுக்கு எதிரே, பழைய மன்சானா தே கோமெஸ் வணிக வளாகத்தை 246 அறை கொண்ட ஐந்து நட்சத்திர ஓட்டலாக்கி, கெம்பின்ஸ்கி ஓட்டல் நிறுவனத்தின் பெயரில் 2017இல் திறந்தார்கள். கட்டியது பிரான்சின் பூய்க் நிறுவனம். உள்ளூர் ஆட்களை அரசு முகமை வழியாகத்தான் எடுக்க வேண்டும், அவர்கள் கைக்குப் போகும் கூலியோ சொற்பம். வேலை வேகம் பிடிக்க, 2016இல் இந்தியாவிலிருந்து நூறு பேருக்கு மேல் தொழிலாளர்களைக் கொண்டுவந்தார்கள். அந்தக் கட்டடத்துக்குள் நுழையும்போது அவர்கள் கையையும் நினைத்துக்கொள்ள வேண்டும். மொட்டைமாடி நீச்சல் குளத்திலிருந்து பார்த்தால் சூடான முனை நேர் கீழே தெரியும்.

வெதாதோ பகுதியில் 23ஆம் தெருவும் கே தெருவும் சேரும் இடத்தில் நிற்கும் கட்டடம் இன்னும் பெரியது. 42 மாடி, ஏறக்குறைய 150 மீட்டர், 594 அறை. 1956இல் கட்டிய ஃபோக்ஸா அடுக்ககத்தை முந்தி நாட்டிலேயே உயரமான கட்டடம் ஆயிற்று. 2025இல் ஸ்பெயினின் இபேரோஸ்டார் நிறுவனம் நடத்தும் ஓட்டலாகக் கதவு திறந்தது. மேல்மாடிகளிலிருந்து கடலும் மலேகோன் கரையும் பார்க்கச் சிறப்பு, மறுப்பதற்கில்லை. குறை வடிவமைப்பிலேயே இருக்கிறது. வெப்பமண்டல வெயிலில் இத்தனை கண்ணாடி வைத்தால் நாள் முழுக்க ஏசி ஓடியாக வேண்டும். 42 மாடிக்குத் தண்ணீரும் மின்தூக்கியும் அதற்கு மேல். 2024 அக்டோபரில் நாடு முழுவதும் மின்கட்டமைப்பு சரிந்து இருளில் கிடந்தது. இப்படிப்பட்ட ஓட்டல்கள் சொந்த ஜெனரேட்டரில்தான் தப்பிக்கின்றன. 2018இல் 47 லட்சமாக இருந்த பயணிகள் வரவு 2024இல் 22 லட்சத்துக்கு இறங்கிவிட்டது, மூன்றில் ஓர் அறைகூட நிரம்பவில்லை. இருந்தும் அந்த ஆண்டு நாட்டின் முதலீட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுற்றுலாவைச் சார்ந்த கட்டுமானத்துக்கே போனது. விவசாயத்துக்குக் கிடைத்தது அதில் சின்ன ஒரு துண்டு. இந்த முடிவு தவறு. மைதானப் படியில் பெயர்ந்த காரையும் திருப்பி எறியும் பந்தும் அதைத் தினமும் சொல்கின்றன.

அறை பிடிப்பவர்களுக்கு எங்கள் பரிந்துரை காசா பர்த்திகுலார், அதாவது உரிமம் பெற்ற வீட்டு அறை. முன்பதிவுக்கு முன் நான்கு கேள்வி கேளுங்கள். மின்வெட்டில் மின்விசிறி ஓட பேட்டரி இருக்கிறதா? தண்ணீர்த் தொட்டி எவ்வளவு பெரிது, எத்தனை நாளுக்கு ஒருமுறை நிரம்பும்? எத்தனையாவது மாடி? கடைசிக் கேள்வி முக்கியம்: கூரையும் பால்கனியும் எந்த நிலையில் இருக்கின்றன, படம் அனுப்ப முடியுமா? பழைய ஹவானாவிலும் சென்ட்ரோ ஹவானாவிலும் வீடுகள் இடிவது புதிதல்ல. கடல் உப்பு, இரும்பு உத்தரத்தை உள்ளிருந்து அரிக்கிறது. இடநெருக்கடியால் உயரமான அறைக்குள்ளேயே பலகையோ கான்கிரீட்டோ போட்டு ஒரு தட்டு எழுப்புவார்கள், அதற்கு பார்பக்கோவா என்று பெயர். சுவர் அந்தப் பாரத்துக்குக் கட்டியது அல்ல. கூரையில் தண்ணீர்த் தொட்டிகள் வேறு. மழையில் ஊறிய சுவர் வெயிலில் காயும்போது விரிசல் விடும், இடிவது பெரும்பாலும் அப்போதுதான்.

ஆகவே மழைக்கு மறுநாள் ஆட்டம் முடிந்து செர்ரோ தெருக்களில் திரும்பும்போது பால்கனிகளுக்கு அடியில் நடக்காமல் தெருவின் நடுவில் நடங்கள், உள்ளூர்க்காரர்களும் அப்படித்தான் நடக்கிறார்கள். இருட்டிவிட்டால் தெருவிளக்கு இருக்காது, நடைபாதையில் மூடியில்லாத குழிகள் உண்டு. கைவிளக்கு கையில் இருக்கட்டும், போனின் சார்ஜை அதற்குச் செலவழிக்காதீர்கள்.