ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் குட்டிக் கேமரா: உலோகத் தட்டு அடாப்டர் எப்படி?

தூரத்துப் பறவைகளைப் பார்க்கும் ஒற்றைக்குழல் தொலைநோக்கிதான் ஸ்பாட்டிங் ஸ்கோப். முன்வில்லை 65 மி.மீ. அகலமுள்ள ஸ்கோப்பின் 20–60 மடங்கு ஜூம் ஐபீஸோடு (கண் வைத்துப் பார்க்கும் வில்லைப் பகுதி) சோனி ஆர்எக்ஸ்100 எம்3 கேமராவை இணைக்க, எல்லா மாடலுக்கும் பொருந்தும் என்று விற்கிற உலோகத் தட்டு அடாப்டர் போதுமா? சேலத்து மூக்கனேரிக் கரையிலும் ஏற்காடு ஏரியிலும் பறவைகளைப் படம் எடுக்கப் போதும். மாட்டுகிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

இந்த வேலைக்கு முன்வில்லை சிறியதாகவும், ஜூம் குறைவாகவும் உள்ள கேமராதான் சரி. 2002-இல் வந்த நிக்கான் கூல்பிக்ஸ் 4500 இதற்குப் பெயர் பெற்றது: அதன் ஜூம் உடம்புக்குள்ளேயே நகரும், முன்னால் 28 மி.மீ. மரையும் உண்டு. எம்3-இல் மரை இல்லை. ஆனால் 24–70 மி.மீ. என்ற குட்டை ஜூமும் 290 கிராம் எடையும் கைகொடுக்கின்றன. எம்6, எம்7 மாடல்களின் 24–200 ஜூம் இங்கே உபத்திரவம்தான். நீள ஜூமில் ஒளி நுழையும் இடம் வில்லைக்குள் ஆழமாகப் போய்விடுவதால் படத்தைச் சுற்றிய கறுப்பு வளையம் எளிதில் விலகாது.

அடாப்டரின் கவ்வியை ஐபீஸில் திரும்பாத பகுதியில் மட்டும் இறுக்குங்கள். பலர் ஜூம் வளையத்தின் மேலேயே இறுக்கிவிடுகிறார்கள்; பிறகு மடங்கை மாற்றினால் கேமராவும் சேர்ந்து சுழலும். ரப்பர் கண்கிண்ணத்தைக் கவ்வினாலும் தப்பு, கேமராவின் எடையில் மெல்லத் தொங்கிவிடும். வாங்குமுன் ஐபீஸின் வெளிவிட்டத்தை வெர்னியரில் அளந்துகொள்வது நல்லது.

கண்கிண்ணத்தை முழுக்க இறக்கிவிட்டு, கேமராவை ஆன் செய்து, 24-இலிருந்து 70 வரை ஒருமுறை ஜூம் செய்து பாருங்கள். வில்லை எந்த இடத்தில் அதிகம் நீள்கிறதோ அங்கே ஐபீஸுக்கு 2–3 மி.மீ. இடைவெளி விட்டுத் தட்டைப் பூட்டுங்கள். ஒட்டி வைத்துவிட்டு ஆன் செய்தால் நீளும் வில்லை கண்ணாடியில் முட்டும், மோட்டார் போய்விடும். தானாக அணையும் நேரத்தையும் அதிகமாக வையுங்கள். திரையில் ஒரு பக்கம் மட்டும் பிறை போல நிழல் விழுந்தால் நடு விலகியிருக்கிறது. சுற்றிலும் சமமாகக் கறுத்தால் தூரத்தைச் சரிசெய்து, 70 பக்கம் ஜூம் செய்யுங்கள்.

மடங்கு 20-ஐத் தாண்ட வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. கேமரா 70-இல், ஸ்கோப் 20-இல் இருந்தால் 1,400 மி.மீ. லென்சுக்குச் சமம், ஒளி நுழையும் துளை ஏறக்குறைய எஃப்/8 (எஃப் எண் கூடக் கூட வெளிச்சம் குறையும்). 60-க்குப் போனால் 4,200 மி.மீ., ஆனால் துளை எஃப்/24 அளவுக்குச் சுருங்கிவிடும். வெளிச்சம் ஒன்பதில் ஒரு பங்கு. 1/500 விநாடியில் கிடைத்த படத்துக்கு 1/55 வேண்டும். மரக்கிளையில் வாலாட்டும் அரசவால் ஈப்பிடிப்பானுக்கு அது ஆகவே ஆகாது. மூக்கனேரியில் வெயில் ஏறியபின் தண்ணீர் மேல் அலையும் கானலையும் 60 மடங்கு சேர்த்தே பெரிதாக்கும். அங்கே விடிந்ததும் எடுப்பதே சரி.

ஆட்டோ ஃபோகஸ் தடுமாறினால் கேமராவை மேனுவலில் முடிவிலிக்கு வைத்து, பீக்கிங்கை (கூர்மையான விளிம்புகளைத் திரையில் நிறமிட்டுக் காட்டும் வசதி) ஆன் செய்து, ஸ்கோப்பின் வளையத்தாலேயே கூர்மை பிடியுங்கள். அமைதியாக உட்கார்ந்திருக்கும் வக்கா என்ற கொக்கினப் பறவைக்கு 2 விநாடி டைமர் போதும்.

தட்டு அடாப்டரின் பெரிய குறை, பறவையைத் தேடும்போது கேமரா கண்ணை மறைப்பது. அதனால் கேமராவை ஒரு பக்கமாகத் திருப்பி ஒதுக்கும் கீல் உள்ளதையே வாங்குங்கள். கீல் இல்லாதது விலை குறைவென்றாலும் வேண்டாம். பின்பாரம் கூடுவதால் ஸ்கோப்பின் அடிக்காலை டிரைபாட் தட்டில் முன்னே தள்ளி மாட்டினால், தலையைத் தளர்த்தும்போது முகம் மேலே தூக்காது. எம்3-க்கு ஈரத்தடுப்பு கிடையாது. ஏற்காட்டில் மூடுபனி இறங்கினால் முதலில் கழற்ற வேண்டியது கேமராவைத்தான்.