தாய்லாந்தின் டிடிவி விசா: 10,000 பாட் கட்டணத்துக்கு என்ன கிடைக்கிறது?

ரிமோட் வேலை பார்ப்பவர்கள் தாய்லாந்தில் தங்க உதவும், 2024 ஜூலையில் வந்த டெஸ்டினேஷன் தாய்லாந்து விசாவை எல்லோரும் டிடிவி என்றுதான் சொல்கிறார்கள். கட்டணம் 10,000 பாட் (தாய்லாந்து நாணயம்). ஐந்து வருடம் செல்லும், எத்தனை முறை வேண்டுமானாலும் போய் வரலாம், ஒவ்வொரு நுழைவுக்கும் 180 நாள். மாதச் சம்பளம் இவ்வளவு இருக்க வேண்டும் என்ற கணக்கே இல்லை. வங்கியில் 5 லட்சம் பாட் இருப்பதைக் காட்ட வேண்டும். ரிமோட் வேலைக்காரர்களுக்கு மலேசியா தரும் டிஇ ரந்தாவ் பாஸ் ஐடி ஆட்களிடமே வருடத்துக்கு 24,000 அமெரிக்க டாலர் வருமானம் கேட்கிறது. இந்தியச் சம்பளத்தில் ரிமோட் வேலை பார்ப்பவருக்கு டிடிவிதான் கைக்கு எட்டும் விசா. நேர வித்தியாசமும் ஒன்றரை மணிதான்.

விண்ணப்பம் தாய்லாந்தின் இ-விசா தளத்தில். வயது 20 ஆகியிருக்க வேண்டும். தாய்லாந்துக்குள் இருந்துகொண்டு போட முடியாது. மறுத்தாலும் கட்டணம் திரும்ப வராது என்பதால் காகிதங்களை முதலிலேயே கெட்டியாக வைக்க வேண்டும். சறுக்கும் இடங்கள் மூன்று. முதலாவது பணம். நேற்று யாரோ போட்டுவிட்ட மொத்தத் தொகை ஸ்டேட்மென்டில் பளிச்சென்று தெரியும். குறைந்தது மூன்று மாதமாவது அங்கேயே இருக்கட்டும். ரூபாய் மதிப்பு ஏறி இறங்கும், அதனால் பத்து சதவீதம் கூடுதலாக வையுங்கள். இரண்டாவது கம்பெனிக் கடிதம். ‘இவர் எங்கள் ஊழியர்’ என்று ஹெச்ஆர் வழக்கமாகத் தரும் கடிதம் போதாது. பதவி, சம்பளம், சேர்ந்த தேதி, அவற்றோடு ‘இந்தியாவுக்கு வெளியிலிருந்து வேலை செய்ய அனுமதி உண்டு’ என்ற வரி கட்டாயம் வேண்டும். ஃப்ரீலான்சர் என்றால் ஒப்பந்தங்களும், இன்வாய்ஸ் தொகைகள் கணக்கில் விழுந்ததற்கான வரவுகளும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். மூன்றாவது நம் ஊருக்கே உரிய தலைவலி: பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, பேங்கில் வெறும் இனிஷியல். விண்ணப்பிக்கும் முன்பே பேங்கில் பெயரைத் திருத்திவிடுங்கள்.

மனைவி, கணவர், 20 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உடன் வரலாம். ஆனால் ஆளுக்கொரு விண்ணப்பம், ஆளுக்கொரு கட்டணம். நால்வர் குடும்பத்துக்கு 40,000 பாட் ஆகிவிடும்.

தாய்லாந்தில் போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் அந்நாட்டின் டிஜிட்டல் வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அது இலவசம்; காசு கேட்டால் அது அரசுத் தளம் அல்ல. இமிகிரேஷன் கவுன்டரை விட்டு நகரும் முன் ஸ்டாம்பில் உள்ள தேதியைப் பாருங்கள். 180 நாளுக்குக் குறைவாகப் போட்டிருந்தால் அங்கேயே விசாவைக் காட்டித் திருத்தச் சொல்லுங்கள். விசா ஐந்து வருடம் என்றாலும் அந்த ஸ்டாம்ப் தேதிதான் கெடு. தாண்டினால் நாளுக்கு 500 பாட் அபராதம், உச்சம் 20,000. நீங்கள் குடிவந்த 24 மணி நேரத்துக்குள் வீட்டு ஓனர் டிஎம் 30 (வெளிநாட்டவர் தங்கியிருப்பதை இமிகிரேஷனுக்குச் சொல்லும் படிவம்) பதிவு செய்ய வேண்டும். ரசீதைக் கேட்டு வாங்குங்கள், பிறகு இமிகிரேஷன் அலுவலகத்தில் கேட்பார்கள். தொடர்ந்து 90 நாள் தங்கினால் முகவரி அறிக்கை தர வேண்டும். நாட்டை விட்டு வெளியே போய் வந்தால் அந்தக் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்.

இந்த விசாவின் பெரிய குறை வரி. ஒரு காலண்டர் வருடத்தில் 180 நாள் தங்கினாலே வரிக்கு நீங்கள் அந்நாட்டுவாசி. ‘பணத்தை உள்ளே கொண்டுவராவிட்டால் வரி இல்லை’ என்று ஏஜென்டுகள் சொல்வது வெளிநாட்டில் சம்பாதித்த வருமானத்துக்குப் பொருந்தும். தாய்லாந்தில் உட்கார்ந்து பார்த்த வேலைக்கான சம்பளம் எந்த நாட்டுக் கணக்கில் விழுந்தாலும் தாய்லாந்து வருமானம்தான் என்கிறது அவர்களுடைய வருவாய்ச் சட்டத்தின் 41ஆம் பிரிவு. இரு நாட்டுக்கும் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் உண்டு; டிக்கெட் போடும் முன் ஆடிட்டரிடம் உட்கார்ந்து நாள்களை எண்ணுங்கள். அக்டோபரில் நுழைந்தால் 180 நாளும் இரண்டு வருடங்களில் பிரிந்து விழும். ஜனவரியில் நுழைந்தால் ஒரே வருடத்தில் நிரம்பிவிடும்.

உள்ளூர் கம்பெனிக்கோ உள்ளூர் வாடிக்கையாளருக்கோ வேலை செய்ய இந்த விசாவில் இடமில்லை. வங்கிக் கணக்கு தொடங்குவதும் கிளைக்குக் கிளை மாறும், நம்பி இருக்காதீர்கள். வாடகைக்கு இரண்டு மாத டெபாசிட்டும் ஒரு மாத அட்வான்ஸும் வழக்கம். வடக்கே உள்ள சியாங் மாய் நகரத்துக்குப் போகிறவர்கள் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை தவிருங்கள், வயல் எரிப்பும் காட்டுத்தீயும் கிளப்பும் புகை மூச்சை அடைக்கும். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் கரன்ட் யூனிட் விலையைப் பாருங்கள்: அரசு விலையை விடச் சில கட்டடங்களில் கணிசமாகக் கூட்டி வாங்குகிறார்கள், ஏசி ஓடும் மாதத்தில் பில் எகிறும். சாவி வாங்கும் அன்றே மீட்டரைத் தேதியோடு படம் எடுத்து ஓனருக்கு அனுப்பிவிடுங்கள்.