ஜிம்ப்: தொப்பி மாற்ற இது போதும்

பேஸ்பால் வீரர் ஹார்மன் கில்லப்ரூ என்றாலே மினசோட்டா ட்வின்ஸ் அணிதான். ஆனால் 573 ஹோம் ரன் அடித்த அந்த மனிதர் கடைசி சீசனை, 1975-இல், கான்சஸ் சிட்டி ராயல்ஸுக்கு ஆடினார். அந்த ஆண்டு டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட வீரர் அட்டையில் அவர் ட்வின்ஸ் உடையில் இருக்கிறார். 1976 தொகுப்பில் அவருக்கு அட்டையே இல்லை. 14 ஹோம் ரன், .199 பேட்டிங் சராசரி, பெருமையான சீசன் இல்லைதான், அதற்காக அதை விட்டுவிட முடியுமா?

வராமல்போன அந்த 1976 அட்டையை, அவருக்கு ராயல்ஸ் தொப்பி போட்டு, படம் திருத்தும் ஜிம்ப்பில் நானே செய்தேன். இலவச மென்பொருள், இறக்கிக்கொண்டால் போதும். அட்டை அளவு 2.5 x 3.5 அங்குலம். வெட்டும் ஓரத்தையும் சேர்த்து, 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 825 x 1125 பிக்சல் வைத்துக்கொள்ளுங்கள். 1976 வடிவமைப்பின் வண்ணப் பட்டைகளும், இடது மூலையில் நிற்கும் குட்டி உருவமும் சுலபமாக அமைந்துவிடும்.

உண்மையான வேலை தொப்பியில்தான். அந்தக் காலத்தில் வீரர் அணி மாறினால், டாப்ஸ் ஓவியர்கள் புகைப்படத்தின் மேலேயே ஏர்பிரஷால் வண்ணம் தெளித்துத் தொப்பியை மாற்றினார்கள். துணியின் மடிப்பு, நிழல் எல்லாம் பல அட்டைகளில் காணாமல் போயிருக்கும். ஜிம்ப்பில் முதலில் ட்வின்ஸ் எழுத்தை ஹீல் கருவியால் அழித்துவிட்டு, தொப்பியை மட்டும் தேர்ந்தெடுத்து, கர்வ்ஸ் என்ற வசதியில் கொஞ்சம் வெளிச்சம் ஏற்ற வேண்டும். அப்புறம் மேலே ஒரு நீல லேயர் (அடுக்கு), அதன் மோடு 'கலர்'. அது நிறத்தை மட்டும்தான் மாற்றும், நிழல் அப்படியே நிற்கும். வெளிச்சம் ஏற்றாமல் விட்டால் ட்வின்ஸ் தொப்பியின் கருநீலம் கருநீலமாகவே இருக்கும், ராயல்ஸ் நீலம் வராது. ராயல்ஸின் வெள்ளை 'கேசி' (KC) எழுத்தை வார்ப் கருவியால் நெற்றி வளைவுக்கு ஏற்ப வளைத்து, கடைசியில் நியூஸ்பிரிண்ட் ஃபில்டரை மிக லேசாகப் போட்டால் பழைய அச்சின் புள்ளிகள் வந்துவிடும். இந்த ஃபில்டருக்காகவே ஜிம்ப்பைப் பரிந்துரைப்பேன். 3.0 பதிப்பில் ஃபில்டரைப் போட்ட பிறகும் திருத்தலாம் என்பது பெரிய உதவி.

குறை என்றால் அச்சு நிறம். ஜிம்ப் ஆர்ஜிபி-யில், அதாவது திரைக்கான சிவப்பு-பச்சை-நீல முறையில், வேலை செய்வது. நான்கு மையில் அடிக்கும்போது பளீர் நீலம் ஊதாப் பக்கம் சாய்கிறது. முதலில் ஒரே ஒரு அட்டை அடித்துப் பாருங்கள்.

பின்பக்கத்தில் 'சொந்தத் தயாரிப்பு' என்று கட்டாயம் போடுங்கள். நாளைக்கு யாரும் இதை அசல் என்று விற்கக் கூடாது. அடுத்து நான் செய்யப்போவது இன்னொரு பேஸ்பால் வீரர் டியூக் ஸ்னைடர், 1964, ஜயண்ட்ஸ் உடையில்.