மூணு மாச டிஜிட்டல் ஜர்னலிசம் கோர்ஸ், 18,000 ரூபாய்க்கு தேறுமா?

பி.காம் முடிச்சிட்டு ரெண்டு வருஷம் ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல இருந்தேன், ஆனா மனசு பூரா ரிப்போர்ட்டர் வேலையிலதான். ஏசிஜே (ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம்) மாதிரி பெரிய எடத்துல முழுநேரமா படிக்க வீட்டு நெலமை விடல, அதனால சென்னையில சனி ஞாயிறு மட்டும் நடக்கற ஒரு மூணு மாச கோர்ஸ்ல சேர்ந்தேன், ஃபீஸ் 18,000. குறையும் சொல்லப்போறதால இன்ஸ்டிட்யூட் பேர் போடல. இந்த மாதிரி கோர்ஸ் தேடறவங்களுக்கு எதை கேட்டு சேரணும்னு ஒரு ஐடியா கெடைக்கும்னுதான் எழுதறேன்.

மொத நாலு வாரம் ரொம்ப ஏமாத்தம். எடிட்டிங், தம்ப்நெயில், ஹேஷ்டேக், தலைப்பு எப்படி வெச்சா கிளிக் விழும்... இதெல்லாம் யூடியூப்ல சும்மாவே கெடைக்குதுங்க. யார்கிட்ட போய் என்ன கேக்கணும்னு ஒரு வார்த்தை கெடையாது. மோஜோ, அதாவது போன்லயே செய்தி எடுக்கற கிளாஸ் மட்டும் பரவால்ல, போன்ல எடுக்கும்போது படத்தை விட சத்தம் முக்கியம்னு சொல்லி கோயம்பேடு மார்க்கெட்டுக்கு அனுப்புனாங்க. மைக் இல்லாம எடுத்த தக்காளி வியாபாரி பேட்டி முழுக்க லாரி ஹாரன், அந்த அண்ணன் சொன்ன விலையே கேக்கல. மறுநாளே 900 ரூபாய்க்கு காலர் மைக் வாங்கிட்டேன்.

அஞ்சாவது வாரம் வெரிஃபிகேஷன் கிளாஸ். இதுக்காக மட்டுமே காசு குடுக்கலாம். பேப்பர்ல ரொம்ப வருஷம் வேலை பாத்த ஒரு சார் வந்தார், ஸ்கிரீன்ல ஒரு போட்டோ போட்டார். ஏர்போர்ட், சக்கரம் முழுக்க தண்ணியில நிக்கிற விமானங்க, கீழ 'மிக்ஜாம் புயல்'னு ஒரு வாட்ஸ்அப் வரி. நாங்க எல்லாருமே நம்பிட்டோம், ஏன்னா 2023 டிசம்பர் 4 அன்னிக்கு நெஜமாவே ரன்வேல தண்ணி ஏறி சென்னை ஏர்போர்ட்டை மூடுனாங்கல்ல. சார் படத்தை பெருசாக்கி ஒரு விமானத்தோட வாலை மட்டும் காட்டுனார், ஜெட் ஏர்வேஸ். அவங்க 2019 ஏப்ரல்லயே பறக்கறத நிறுத்திட்டாங்க. அப்போ இது பழைய படம்னு எல்லாரும் ஒண்ணா சொன்னோம், அதையும் அவர் ஏத்துக்கல. "கம்பெனி நின்னு போனாலும் விமானம் எங்கயாவது ஓரமா நின்னுட்டு இருக்கலாம்ல? இது சந்தேகப்படறதுக்கு ஒரு காரணம்தான்பா, ஆதாரம் கெடையாது"ன்னார். அப்புறம் கூகுள் லென்ஸ், டின்ஐ, யாண்டெக்ஸ்னு படத்தை வெச்சே தேடற சைட் ஒவ்வொண்ணுலயா தேட விட்டார், அதே படம் 2015 டிசம்பர் வெள்ளத்தப்பவே வந்திருக்கறத நாங்களே கண்டுபிடிச்ச பிறகுதான் அடுத்த ஸ்லைடு. வீடியோன்னா பிரவுசர்ல சேத்துக்கற இன்விட் எக்ஸ்டென்ஷன்ல போட்டு ஃபிரேம் ஃபிரேமா பிரிச்சு தேடணும், டெலீட் பண்ண பக்கத்தை, பழைய வெப் பக்கங்களை சேமிச்சு வெக்கிற வேபேக் மெஷின்ல பாக்கணும், ரெண்டுமே இலவசம். இப்பல்லாம் ஃபேமிலி குரூப்ல எந்த படம் வந்தாலும் என் கண்ணு மொதல்ல ஓரத்துல இருக்கற போர்டு, நம்பர் பிளேட்டுக்குதான் போகுது.

பெரிய குறை இன்டர்ன்ஷிப். கேரண்டின்னு சொல்லித்தான் சேத்தாங்க, கடைசியில ஒரு சின்ன வெப்சைட்டுக்கு அனுப்பி, அங்க மத்த சைட்ல வர்ற செய்தியை வார்த்தை மாத்தி ஒரு நாளைக்கு பத்து எழுத சொன்னாங்க. மனசு ஒப்பல, ஒன்பதாவது நாள் வந்துட்டேன். இதை இன்ஸ்டிட்யூட் ஆபீஸ்ல எழுத்துலயே குடுத்துட்டேன், ஆசையா வர்ற பசங்களை இப்படி பண்றது தப்புங்க. இன்னொண்ணு, தமிழ்ல வேலை பாக்கப்போற பசங்களுக்கு தமிழ் டைப்பிங் கிளாஸே இல்ல. தமிழ்99 கீபோர்டு முறையை நானா மூணு வாரம் ஒக்காந்து பழகுனேன். பழைய ஃபாண்ட்ல இருக்கற அரசாங்க பிடிஎஃப்ல இருந்து காப்பி பண்ணா கன்னாபின்னான்னு எழுத்து வரும், அதை யூனிகோடுக்கு எப்படி மாத்தறதுன்னும் யாரும் சொல்லித்தரல. சேரறதுக்கு முன்னாடி இந்த ரெண்டையும் கண்டிப்பா கேளுங்க, இன்டர்ன்ஷிப் எந்த ஆபீஸ்லன்னு எழுதி வாங்குங்க.

ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) வாரத்தை சொல்லாம முடிக்க முடியாது. ஆளுக்கு ஒரு மனு சொந்த ஊர்ல போட்டே ஆகணும்னுட்டாங்க. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி எங்க ஊர் நகராட்சிக்கு, எங்க வார்டுல தெருவிளக்கு எத்தனை, எரியாதது எத்தனை, போன வருஷம் பராமரிப்புக்கு எவ்வளவு செலவுன்னு மூணே கேள்வி. 30 நாள்ல பதில் தரணும், 28வது நாள் 'தகவல் இல்லை'ன்னு ஒத்த வரியில வந்துச்சு. நான் விட்டிருப்பேன், வெரிஃபிகேஷன் சார்தான் அந்த சட்டத்தோட பிரிவு 19(1) படி மொதல் மேல்முறையீடு எப்படி எழுதறதுன்னு பக்கத்துலயே ஒக்காந்து திருத்துனார், "ஏன் தரலன்னு கோவப்படாத, எந்த ரெஜிஸ்டர்ல இருக்கும்னு அதோட பேரை எழுது"ன்னார். எழுதுனேன். மூணு பக்கம் பதில் வந்துச்சு, மொத்தம் 214 விளக்கு, எல்லாமே எரியுதாம். அன்னிக்கு ராத்திரியே நானும் தம்பியும் தெரு தெருவா நடந்து எண்ணுனோம், 61 எரியல. ஒவ்வொண்ணையும் கம்பம் நம்பரோட போட்டோ எடுத்து வெச்சிருக்கோம். அதை வெச்சு எழுதுனது ஒரு நியூஸ் சைட்ல என் பேரோட வந்துச்சு. இப்போ வேலைக்கு அப்ளை பண்ணும்போது சர்டிஃபிகேட்டுக்கு முன்னாடி அந்த லிங்க்கைத்தான் வைக்கிறேன். கோர்ஸுக்கு 5க்கு 3 குடுக்கலாம், அந்த மூணுமே சாருக்குதான்.